அக்காவுக்கு எம்எஸ், நிக்கவே தள்ளாடுது. போன்ல பாத்து பிசியோ செஞ்சா சரிவருமா?

செம்பனை_லாரி (சுங்கை சிப்புட்):

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்குங்க.

எங்க அக்காவுக்கு 41 வயசு. எம்ஆர்ஐ, முதுகுத் தண்ணி டெஸ்ட்டு எல்லாம் எடுத்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு சொல்லிட்டாங்க, மருந்து ஓடிக்கிட்டு இருக்கு, முன்ன ஒரு கண்ணு மங்கலா இருந்துச்சு அது இப்ப பரவால்ல. மருந்தப் பத்தி கேக்க வரல. பிரச்ன நடையில. ஒரு எடத்துல சும்மா நிக்கவே அவங்களால முடியல, காலு ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டு நடக்குறாங்க, திரும்புறப்ப செவுத்தப் புடிக்கணும். போன மாசம் பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) ஒரு அம்மா இவங்க நடைய பாத்துட்டு 'மாபோக்கா, குடிச்சிருக்காங்களா'ன்னு பக்கத்துல உள்ளவங்ககிட்ட கேட்டுடுச்சு, அது இவங்க காதுல விழுந்துடுச்சு. வாழ்க்கைல ஒரு சொட்டு குடிச்சதில்ல எங்க அக்கா. அதுலேர்ந்து வீட்ட விட்டு வெளிய வர மாட்டேங்குறாங்க, கோயிலுக்குக் கூட.

ஈப்போவுக்கு வாரத்துல ரெண்டு தடவ பிசியோவுக்கு வரணும்னா, நான் தோட்டத்துலேர்ந்து மில்லுக்கு செம்பனைப் பழக் கொல ஏத்துற லாரி ஓட்டுறவன், காலைல போனா எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது, வெட்டுன பழம் லாரியிலயே கெடந்தா மில்லுல கேள்வி வரும், நெனச்ச நேரத்துல லீவு போட முடியாது. கிராப் (வாடக காரு) புடிச்சா போக வர காசு கட்டுப்படியாவல. அத விடுங்க, அந்த வெயில்ல போயிட்டு வந்தாலே அக்கா மறுநாள் பூரா படுத்துடுறாங்க.

இப்ப பிசியோவே சொல்றாங்க, ஒரு தடவ நேர்ல வந்து எல்லாத்தையும் செக் பண்ணிடுங்க, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ வீடியோ கால்ல நான் பாக்குறேன்னு. அம்மா கேக்குறாங்க, 'போன்ல பாத்தா காலு நின்னுடுமாடா, வுழுந்தா போனு வந்து புடிக்குமா'. அவங்க கேக்குறதுலயும் ஞாயம் இருக்கு.

பகல்ல வீட்டுல அக்காவும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு 67, ரப்பர் மரம் சீவி சீவி முட்டி போச்சு, அக்காவ தாங்கிப் புடிக்க அவங்களால முடியாது. இது உண்மையிலயே வேல செய்யுதா, இல்ல தூரத்துல இருக்குறவங்களுக்கு வாய்க்கு ஏதோ ஒண்ணு சொல்லி அனுப்புறாங்களா? செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

---

கோப்பிக்கடை_மாமா:

தம்பி, நேரா சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு ஸ்ட்ரோக் வந்து அவருக்கும் இதே மாரி வீடியோ அனுப்புனாங்க. கொஞ்ச நாளு செஞ்சாரு, அப்புறம் போனு பேரன் கைக்கு போயிடுச்சு, இவரு ஈசி சேருக்கு போயிட்டாரு. கைய வச்சு தொட்டுப் பாக்காம என்னா வைத்தியம்? கம்பார் பக்கம் நல்லா உருவுற ஆளு ஒருத்தர் இருக்காரு, நரம்புக்குன்னே வராங்க, வேணும்னா நம்பர் தரேன்.

---

பகாவ்_மல்லி:

மாமா, வீடியோ அனுப்புறது வேற, வீடியோல ஆளு ஒக்காந்து பாக்குறது வேற. அந்தத் தெருக்காரருக்கு அனுப்புனது படம் மாரி, அவரு செஞ்சாரா இல்லையான்னு யாரும் கேக்கப் போறதில்ல. தம்பி சொல்றது நேரலைல.

எனக்கும் எம்எஸ்தான் தம்பி. பகாவ்லேர்ந்து சிரம்பானுக்கு பஸ்ஸு மாத்தி மாத்தி போயிட்டு வந்தது போதும்னு ஆயிதான் வீடியோக்கு மாறுனேன், இன்னும் செஞ்சுக்கிட்டு இருக்கேன். நடை முழுசா பழையபடி வந்துடுச்சுன்னு சொன்னா பொய். ஆனா தலைக்கு ஊத்துறப்ப வுழுவுறது நின்னுடுச்சு.

இத ஏன் சொல்றேன்னா, எனக்கு அதுதான் பெரிய பயமா இருந்துச்சு. சீயக்கா கண்ணுல போயிடக் கூடாதுன்னு கண்ண மூடுனா போதும், அடுத்த நிமிஷம் தொட்டிய கட்டிப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். ராத்திரி கரண்டு போனாலும் அப்படித்தான். ஏன்னு எனக்கு வெளங்கவே இல்ல, பிசியோதான் சொன்னாங்க, உங்க காலு பாதம் தரையில எப்படி இருக்குன்னு மூளைக்கு சேதி சரியா போவல, அதனால கண்ணு அந்த வேலையையும் சேத்து பாக்குது, கண்ண மூடுனா ரெண்டும் போச்சுன்னு. உங்க அக்காவ கேட்டுப் பாருங்க, முகத்துல தண்ணி அடிக்கிறப்ப தள்ளுதான்னு. தள்ளுச்சுன்னா பிசியோகிட்ட மொத வேலையா அத சொல்லுங்க.

இப்ப எப்படி செய்றதுன்னு கேட்டா, வீட்டுல ரெண்டு செவுரு சேர்ற மூலை இருக்குல்ல, அங்க முதுகு செவுத்துப் பக்கமா நிக்கணும், முன்னால ஒரு கனமான நாக்காலி, முதுகுப் பக்கம் நம்மள பாத்த மாரி. பிளாஸ்டிக் நாக்காலி வேணாம், புடிச்சா அதுவும் சேந்து வரும். பின்னால போனா செவுரு, முன்னால போனா நாக்காலி. நான் தனியாதான் இருக்கேன், அந்த மூலைலதான் எல்லாம். மொதல்ல காலு ரெண்டையும் கொஞ்சம் கிட்ட வச்சு நிக்கிறது, அது வந்தப்புறம் ஒரு காலு அர அடி முன்னால, அப்புறம் அதே நெலைல தலைய மட்டும் மெதுவா இடப்பக்கம் வலப்பக்கம் திருப்புறது. கேக்குறதுக்கு சின்னப் புள்ள வெளையாட்டு மாரி இருக்கும், செஞ்சு பாருங்க வேர்த்துடும். எனக்கு இப்ப தோத்தோவ (தரையில விரிக்கிற மெத்தை) மடிச்சுப் போட்டு அது மேல நிக்கச் சொல்றாங்க, தரை மெத்துன்னு ஆனதும் காலு நடுங்குது பாருங்க, அய்யோ.

இன்னொண்ணு, நேரம். நான் காலைல பசியாறுறதுக்கு முன்னாலயே முடிச்சுடுவேன். தகரக் கூரை வீட்டுல பதினொரு மணிக்கு செய்யச் சொன்னா நான் நிக்கக் கூட மாட்டேன். காத்தாடி ஓடணும், ஐஸ் தண்ணி பக்கத்துல இருக்கணும், ஈரத்துண்டு கழுத்துல. நீங்க சொன்னீங்கல்ல ஈப்போ போயிட்டு வந்தா மறுநாள் படுத்துடுறாங்கன்னு, அது சோம்பேறித்தனம் இல்ல தம்பி. வீட்டுல யாரும் அப்படி பேசுனா அக்காவுக்காக நீங்க பேசுங்க.

மாமா, உருவுறது இறுக்கத்துக்கு சொகமா இருக்கும், நானும் போயிருக்கேன். ஆனா படுத்துக்கிட்டு இருக்குறவங்களுக்கு யாரு உருவுனாலும் நிக்கிற பழக்கம் வராது.

---

கிள்ளான்_பிசியோ:

நான் ரீஹாப்ல (மறுவாழ்வு சிகிச்சை) பிசியோவா வேல செய்றேன், நரம்பு கேஸ் நெறய பாக்குறேன். அந்த பிசியோ 'ஒரு தடவ நேர்ல வாங்க'ன்னு சொன்னாங்க பாருங்க, அது ரொம்ப நல்ல அறிகுறி. நேர்ல பாக்காமலே ஆரம்பிக்கிறேன்னு சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்.

ஏன்னா தள்ளாட்டம்னு நீங்க ஒரே வார்த்தைல சொல்றது எம்எஸ்ல நாலஞ்சு வேற வேற பிரச்ன. மல்லி அக்காவுக்கு இருந்தது காலோட உணர்வு தண்டுவடம் வழியா மூளைக்கு ஏறாதது. சிறுமூளைல அடி விழுந்திருந்தா கண்ண தொறந்து வச்சிருந்தாலும் தள்ளும், டம்ளர் எடுக்கப் போனா கையும் ஆடும். உள்காது வழி அடி பட்டிருந்தா தலைய திருப்புனா சுத்தும், நடக்குறப்ப போர்டுல எழுத்து ஆடுற மாரி தெரியும். சிலருக்கு வெறும் பலவீனம், பாதம் தூக்காம தட்டி வுழுறது. ஒவ்வொண்ணுக்கும் பயிற்சி வேற. தலை திருப்புறப்ப சுத்துறவங்களுக்கு கட்டை விரல நேரா நீட்டி அதையே பாத்துக்கிட்டு தலைய ஆட்டுற மாரி கண்ணுப் பயிற்சி கொடுப்போம், அமெரிக்காவுல கொலராடோல 88 பேர வச்சு செஞ்சு 2018ல வெளியிட்டாங்க, கண்ணுப் பயிற்சியும் நிக்கிற பயிற்சியும் சேத்து செஞ்சவங்களுக்கு தள்ளாட்டமும் தலைசுத்தும் கொறஞ்சுது, அசதி கூட. அது பெரும்பாலும் கிளினிக்ல ஆள் பாக்க செஞ்சது, வீடியோ இல்ல, அதையும் சொல்லிடுறேன்.

நேர்ல போறப்ப பெர்க் ஸ்கேல்னு ஒண்ணு பாப்பாங்க. 14 வேல கொடுத்து ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 4 மார்க்கு, மொத்தம் 56. எந்திரிக்கிறது, கண்ண மூடி நிக்கிறது, தரையில கெடக்குறத எடுக்குறது, திரும்புறது, ஒத்தக் கால்ல நிக்கிறது இப்படி. அப்புறம் நாக்காலிலேர்ந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து ஒக்கார எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாப்பாங்க. அந்த நம்பர கேட்டு எழுதி வச்சுக்குங்க. சில மாசம் கழிச்சு அதே டெஸ்ட்ட திரும்பச் செய்யச் சொல்லுங்க. 'இப்ப பரவால்லையா'ன்னு வாயால கேட்டா அன்னிக்கு மூடு எப்படியோ அப்படித்தான் பதில் வரும்.

வேல செய்யுதான்னு கேட்டீங்க. ஸ்பெயின்ல 50 எம்எஸ் ஆளுங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் கிளினிக்ல பிசியோ, இன்னொரு பக்கம் வீட்டுலயே எக்ஸ்பாக்ஸ் கினெக்ட் (ஒடம்பு அசையுறத கேமராவுல பாக்குற வீடியோ கேம்) வச்சு தூரத்துலேர்ந்து கண்காணிச்சு பத்து வாரம் ஓட்டுனாங்க, 2013ல வந்தது, வீட்டுல செஞ்சவங்களோட பேலன்ஸ் நல்லாவே ஏறியிருந்துச்சு. 2018ல வந்த ஒரு சின்ன அமெரிக்க ஆராய்ச்சி உங்க கேள்விக்கு இன்னும் கிட்ட. 30 பேரு, எட்டு வாரம், மூணு கூட்டம்: வீட்டுல தானா செய்றது, வீடியோல பிசியோ பாக்க செய்றது, நேர்ல போயி செய்றது. வீடியோக் கூட்டம் நேர்ல போனவங்களுக்கு சமமா வந்துச்சு. 30 பேரு கொஞ்சந்தான். 2015ல காக்ரேன் (மருத்துவ ஆராய்ச்சிகள சேத்து அலசுற அமைப்பு) ஆளுங்க அதுவர வந்த 9 ஆராய்ச்சிய சேத்துப் பாத்துட்டு ஆதாரத்தோட தரம் கொறச்சல்தான்னு சொன்னாங்க. அதனால நான் சொல்றது: ஏமாத்து வேல இல்ல, ஆனா அற்புதமும் இல்ல, ஈப்போ போவ முடியாம ஒண்ணுமே செய்யாம கெடக்குறத விட பல மடங்கு மேல்.

வெயில் விஷயம் மல்லி அக்கா சொன்னது நெஜம். 1890லயே ஊட்டாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் கவனிச்சாரு, ஒடம்ப ஆட்டி வேல செஞ்சா எம்எஸ்காரங்களுக்கு பார்வ மங்குது, ஓய்வெடுத்தா திரும்பிடுதுன்னு. மேல் ஒற உரிஞ்ச வயரு மாரிதான் நரம்பு, ஒடம்பு சூடு அர டிகிரி ஏறுனாலே சேதி தடுக்குது. கூலானா திரும்பிடும், அதுல நரம்புக்கு புதுசா சேதம் இல்ல. ஆனா புதுசா ஒரு மரத்துப் போறதோ பலவீனமோ வந்து 24 மணி நேரம் தாண்டியும் சரியாவலன்னா பயிற்சிய நிறுத்திட்டு டாக்டர பாருங்க. காய்ச்சல், மூத்திரக் கடுப்பு இருந்தாலும் பழைய கோளாறெல்லாம் கூடுன மாரி காட்டும், அதையும் செக் பண்ணச் சொல்லுங்க.

---

செம்பனை_லாரி:

மல்லி அக்கா, பிசியோ மேடம், ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அக்காகிட்ட இதப் படிச்சு காட்டுனேன். தலைக்கு ஊத்துறது பத்தி வந்ததும் 'நிறுத்து நிறுத்து, இத யாருடா எழுதுனா'ன்னாங்க. அவங்களுக்கும் அதேதான், எங்ககிட்ட சொல்லவே இல்ல, குளிக்கிற எடத்துல முட்டி போட்டுக்கிட்டுதான் தலைக்கு ஊத்துறாங்களாம் இவ்ளோ நாளா.

ஒரு சந்தேகம் பாக்கி. அம்மா. அவங்க பக்கத்துல நின்னா அக்கா சாயிறப்ப கண்டிப்பா கையப் புடிச்சு இழுப்பாங்க, ரெண்டு பேரும் சேந்து வுழுவாங்க. அம்மாவ என்னா செய்ய?

---

கிள்ளான்_பிசியோ:

அம்மாவ புடிக்க விடாதீங்க. கைய புடிச்சு இழுக்குறது ரொம்ப ஆபத்து, தோள்பட்ட எறங்கிடும், நீங்க சொன்ன மாரி ரெண்டு பேரும் வுழுவாங்க. அம்மாவுக்கு வேற வேல கொடுங்க, போன புடிக்கிறது. பிசியோவுக்கு அக்காவோட முகம் வேணாம், பாதம் வேணும். வீடியோ பாக்குறப்ப நெறய பேரு போன முகத்துக்கு நேரா வச்சுடுவாங்க, எனக்கு நெத்தியும் காத்தாடியும்தான் தெரியும். போன கொஞ்சம் தள்ளி புடிக்கச் சொல்லுங்க, தலையிலேர்ந்து பாதம் வர தெரியணும், பாவாட கைலி வேணாம், முட்டி வர கால்சட்ட, செருப்பு கெடையாது.

மூலையும் நாக்காலியும்தான் அக்காவ புடிக்கணும். அதுல அடங்காத பயிற்சி, நடந்து திரும்புறது, பொருள தூக்கிக்கிட்டு நடக்குறது, அதெல்லாம் நீங்க வீட்டுல இருக்குற நாளுக்கு வச்சுக்கச் சொல்லி பிசியோகிட்ட முன்னாலயே பேசிடுங்க. இடுப்புல கட்டுற பெல்ட் இருக்கு, எப்படி புடிக்கிறதுன்னு நேர்ல போற அன்னிக்கே உங்களுக்குக் கத்துக் கொடுக்கச் சொல்லுங்க. அதுக்கு நீங்களும் கூட போவணும், அந்த ஒரு நாளு லீவு போட்டே ஆவணும்.

இன்னும் ஒண்ணு. கொஞ்சம்கூட தள்ளாம செய்ய முடியுற பயிற்சியால பேலன்ஸ் வராது. கொஞ்சம் ஆடணும், ஆடி தானா நிக்கணும், அப்பதான் மூளை கத்துக்கும். அக்கா ஆடுறத பாத்து அம்மா 'போதும்டி ஒக்காரு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அத நிறுத்துறதுதான் உங்களுக்கு பெரிய வேல.

---

லூனாஸ்_பாட்டி_பேரன்:

வீடியோ கால்ல லைன் பிரச்ன வராம இருக்க: வீட்டுல எந்த எடத்துல சிக்னல் நிக்கிதுன்னு பாத்துட்டு அப்புறம் மூலைய தேடுங்க, மூலைய முடிவு பண்ணிட்டு சிக்னல் தேடாதீங்க. படம் ஒறஞ்சு போறப்ப ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு 'மேடம் கேக்குதா'ன்னு கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது, கட் ஆனா ஒடனே ஒக்காந்துடணும்னு மொதல்லயே பேசி வச்சுக்குங்க. நாங்க பாட்டிக்கு (பார்க்கின்சன்) செய்றப்ப அப்படித்தான்.

அப்புறம் அக்கா முன்ன வேலைல இருந்தாங்களா? சம்பளத்துல சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) புடிச்சிருந்தா விசாரிங்க, வேல செய்ய முடியாம போனவங்களுக்கு இலாட் பென்ஷன் இருக்கு, 60 வயசுக்குள்ள இருக்கணும், எத்தன மாசம் கட்டியிருக்காங்கன்னு பாப்பாங்க. மெலாக்காவுல சொக்சோவோட ரீஹாப் சென்டரும் இருக்கு. ஓகேயூ (மாற்றுத்திறனாளி) கார்டுக்கு டாக்டர்கிட்ட பாரம் நெரப்பி ஜேகேஎம்ல (சமூகநல இலாகா) கொடுக்கணும். சிலரு வெக்கப்பட்டுக்கிட்டு எடுக்க மாட்டாங்க, எங்க பாட்டியும் அப்படித்தான் இருந்துச்சு, பார்க்கிங் கெடச்ச அன்னிக்கு வெக்கம் போயிடுச்சு.

---

செம்பனை_லாரி:

அக்கா கையொற ஃபேக்டரில ரொம்ப வருஷம் இருந்தாங்க, சொக்சோ புடிச்சிருக்காங்க. பழைய சம்பள சிலிப்ப தேடச் சொல்லிட்டேன். ஈப்போவுக்கு அடுத்த வாரம் நாள் வாங்கியாச்சு, கங்காணிகிட்டயும் சொல்லிட்டேன், காலைல மொத ஆளா போயிடுறோம் வெயிலுக்கு முன்ன.

---

கோப்பிக்கடை_மாமா:

சரி சரி, எல்லாரும் சேந்து என்ன ஒக்கார வச்சுட்டீங்க. தம்பி, அக்கா முட்டி போட்டு குளிக்கிறாங்கன்னு படிச்சதும் மனசு கேக்கல. நான் வெல்டிங் கட வச்சிருந்தவன், இப்பவும் சாமானெல்லாம் இருக்கு. குளிக்கிற எடத்துக்கு புடிக்கிற கம்பி அடிச்சுத் தரேன், கூலி வேணாம், கம்பி காசு மட்டும். எந்தத் தாமான்னு (குடியிருப்பு) தனியா மெசேஜ் போடுங்க. எவ்ளோ ஒயரத்துல வைக்கணும் மேடம்?

---

கிள்ளான்_பிசியோ:

மாமா, நீங்க நல்லாருக்கணும். ஒயரத்த நான் இங்கேர்ந்து சொல்ல மாட்டேன், அக்கா நிக்கிறப்ப கை எங்க தானா போவுதோ அங்க பென்சில்ல கோடு போட்டுக்குங்க, ஒக்காந்து குளிக்க ஒரு ஸ்டூலு போட்டு அதுலேர்ந்து எந்திரிக்கிறப்ப கை எங்க போவுதுன்னும் ஒரு கோடு. நேர்ல போறப்ப அந்த எடத்த போட்டோ எடுத்துட்டுப் போயி பிசியோகிட்ட காட்டிட்டு அப்புறம் அடிங்க. டைல்ஸ்ல மட்டும் ஸ்க்ரூ புடிக்க வைக்காதீங்க, உள்ள செங்கல்லு வர போவணும், பலகைத் தடுப்பா இருந்தா வேண்டவே வேண்டாம். வழவழன்னு பாலிஷ் போட்ட கம்பி சோப்புக் கையில வழுக்கும், கொஞ்சம் சொரசொரப்பா இருக்கட்டும்.

---

கோப்பிக்கடை_மாமா:

செங்கல்லுக்கு ராவல் பிளக் பெரிய சைஸ் என்கிட்டயே இருக்கு. தம்பி, மெசேஜ் போடுங்க.